புறங்கைக்காரர் செய்த பேசும் பெட்டி

கீழ்வீட்டுத் தையல்காரருக்கு ஒரு கால் சரியாக இல்லை. தையல் மெஷினை விட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, அவர் வாசலுக்கு வந்து சேருவதற்குள் மணி அடித்தவர்கள் ஆளில்லை என்று திரும்பிவிடுவார்கள். துணி கொடுக்க வந்தவர்களும் போய்விடுவார்கள், தபால்காரரும் போய்விடுவார். அவர் கதவைத் திறந்து காலி வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் அந்த மணி கெட்டுப்போயிற்று. மாடி வீட்டுக்காரர் அதைக் கழற்றிக்கொண்டு போய்ச் சரிசெய்து மாட்டிக்கொடுத்தார். அதிலிருந்து அந்த மணி ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிற்பதை விட்டுவிட்டு, நீளமான மெட்டு ஒன்றைப் பாட ஆரம்பித்தது. நடுவில் கொஞ்சம் நிறுத்தும். முடிந்ததாக்கும் என்று நினைக்கும்போது மறுபடி எடுக்கும். பாடிக்கொண்டிருக்கும் மணியைப் பாதியில் விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனசு வரவில்லை. மெட்டு முடியவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

"நீ சரிபண்ண லட்சணம், நிறுத்தவே மாட்டேங்குது," என்று தையல்காரர் குறைபட்டுக்கொண்டார்.

"பழைய சாமான் அப்படித்தாண்ணே இருக்கும். பொறுத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு அவர் மாடியேறிவிட்டார்.

மணியை மாட்டுவதற்கு முன்னால் அவர் மாடிப்படியில் உட்கார்ந்து, தையல்காரரின் கால் தரையில் இழுபடும் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்ததை அவருடைய மனைவி மட்டும் பார்த்திருந்தாள். அவளும் வெளியே சொல்லவில்லை. அவள் ஒரு விஷயத்தை வெளியே சொல்லாமல் இருந்தாள் என்றால், அதுவே அந்தக் காலத்தில் பெரிய அதிசயம்.

மோட்டார்களுக்குச் செப்புக்கம்பி சுற்றும் பட்டறையில் மாடி வீட்டுக்காரருக்கு வேலை. ஓடுகிற மோட்டார் சூடாகிறதா என்று பார்க்க மற்றவர்கள் உள்ளங்கையை வைப்பார்கள். அவர் புறங்கையைத்தான் வைப்பார். "கரண்ட் கசிஞ்சா உள்ளங்கை அதையே இறுக்கிப் பிடிச்சுக்கும். புறங்கை தானா உதறிக்கிட்டு வந்துடும்," என்பார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பால் பாத்திரம், இஸ்திரிப் பெட்டி, காய்ச்சலில் கிடக்கும் மகளின் நெற்றி, எல்லாவற்றுக்கும் புறங்கைதான். பட்டறையில் அவருக்குப் 'புறங்கை' என்று பட்டம் வைத்தார்கள். தெருவில் மரியாதை சேர்த்துப் 'புறங்கைக்காரர்' என்றார்கள்.

அவர் பேசுவது குறைவு. அந்தக் குறையையும் சேர்த்து மனைவி பேசிவிடுவாள். "இவர் வாயைத் திறக்கறதுக்குள்ள நான் சமைச்சு, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவி வெச்சுடுவேன்," என்று அவரை வைத்துக்கொண்டே சொல்லுவாள். அவர் சிரித்துக்கொள்வார்.

மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஏதோ ஒரு அலுவலகத்தில் கழித்துப்போட்ட வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றை அவர் தோளில் சுமந்துகொண்டு வந்தார். பார்க்க தட்டச்சுப் பலகை மாதிரி இருக்கும். பலகைக்குள்ளேயே எல்லாம் அடக்கம். டிவியில் செருகினால் நீலத்திரை வரும். பட்டறை விட்டு வந்ததும் அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிடுவார்.

"எனக்கு ஒரு சக்களத்தியைக் கொண்டாந்திருக்காரு. அவளுக்கு டிவி வேற வேணுமாம்," என்று மனைவி தெருவெல்லாம் சொல்லி வைத்தாள்.

"அப்படின்னா அவளை உன் குரல்லயே பேச வெச்சுடறேன்," என்றார் அவர்.

மகள் அப்போது எழுத்துப் படிக்கிற வயது. பலகையில் எழுத்துக் கட்டையைத் தட்டினால் அந்த எழுத்தின் சத்தம் அம்மா குரலில் வர வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பட்டறையில் கிடைத்த உதிரிகளை வைத்து, மைக்கில் வரும் சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பும் டப்பா ஒன்றைச் செய்தார். மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அ, ஆவில் தொடங்கி, உயிர்மெய் எல்லாம், புள்ளி வைத்த எழுத்துகள் எல்லாம்.

"மேடையில பேசற மாதிரி வேணாம். என்னைத் திட்டற மாதிரி சாதாரணமா சொல்லு," என்றார். அவளுக்கு அது சுலபமாக வந்தது. வகர வரிசையில் 'வே' சொல்லும்போது பின்னால் குக்கர் விசிலடித்தது. மறுபடி எடுக்கலாம் என்றார். "இருக்கட்டும், கொழந்தை சிரிக்கும்," என்று அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். விசில் 'வே'யோடு சேர்ந்தே பிளாப்பி வட்டில் பதிந்தது.

மகள் அதில் எழுத்துப் படித்தாள், வளர்ந்தாள், கல்யாணமாகி வெளியூருக்குப் போனாள். பெட்டி பரணுக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு வெகுகாலம் கழித்துத்தான் மனைவியின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. மருத்துவர்கள் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். குரல் போய்விட்டது. கடவுள் ஒன்றை விட்டுவைத்து ஒன்றை எடுத்துக்கொண்டார் என்று அவள் அழாமல் ஏற்றுக்கொண்டாள். கையில் ஒரு சிலேட்டை வைத்துக்கொண்டு எழுதிக் காட்டினாள்.

ஆனால் பேச்சு அவளுக்காக நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் ஒன்று சொல்வார்கள். அதற்குச் சரியான பதிலடி அவளுக்கு உடனே தோன்றிவிடும். எழுதி நிமிர்வதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள். அவள் சிலேட்டைக் காட்டுவாள். அவர்கள் கண்ணை இடுக்கிப் படித்துவிட்டு, "ஆமா ஆமா," என்று தலையாட்டுவார்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரிக்க வேண்டிய நேரம் தாண்டியிருக்கும்.

மகள், எழுதியதைப் படித்துக் காட்டும் போன் ஒன்றை வாங்கி அனுப்பினாள். அதில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி ஒருத்தி இனிமையாகப் பேசினாள். கொஞ்ச நாள் கேட்டுப் பார்த்துவிட்டு, மனைவி சிலேட்டில் எழுதினாள்: 'எவளோ ஒருத்தி என் வீட்டுல உக்காந்து பதில் சொல்றா. அவளை அனுப்பிவெச்சுடுங்க.'

அப்புறம் சிலேட்டையும் எடுப்பதை நிறுத்திவிட்டாள். யாராவது வந்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். காலையில் விளக்குமுன் நின்று உதட்டை அசைப்பதோடு சரி. ஆண்டவனுக்கு அது போதும். புறங்கைக்காரருக்குத்தான் போதவில்லை. வீடு முழுக்க அவருடைய பேச்சு மட்டும்தான் இருந்தது, அதுவோ கொஞ்சம்தான்.

ஒரு விடுமுறை நாளில் அவர் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். உள்ளே கெப்பாசிட்டர்கள் உப்பிக் கசிந்திருந்தன. பல் துலக்கும் பிரஷ்ஷில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தேய்த்தார். புதியவற்றை ஈயம் வைத்துப் பற்றவைத்தார். மனைவி கண்டுகொள்ளவில்லை. அவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, முன்னறையில் யாரோ "அ" என்றார்கள். பிறகு "ஆ" என்றார்கள்.

கத்தி அப்படியே நின்றது. அவள் எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கீழேயிருந்து தையல்காரர் சத்தம் போட்டார். "என்னப்பா, பொண்ணு வந்திருக்காளா? குரல் கேக்குதே."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "சும்மா... இருக்கான்னு பாத்தேன். பத்திரமாத்தான் இருக்கு," என்றார்.

இருந்தது, ஆனால் ஆமை வேகம். ஒவ்வொரு எழுத்துக்கும் பெட்டி பிளாப்பியைக் கடகடவென்று துழாவி எடுத்துவர வேண்டும். அவள் முதன்முதலாகச் 'சாப்பிட வாங்க' என்று தட்டினாள். அது சொல்லி முடிப்பதற்குள் சோறு ஆறிப்போயிற்று. அவளுக்குத் தோள் குலுங்கச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அதைப் பார்த்தபின் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. சொல் சொல்ல வேண்டிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும். அவருக்கு அதுவே குறி.

பெட்டியில் இருந்த மெமரி சிப்புகளின் முதுகில் இன்னொரு வரிசையை ஏற்றி, காலோடு கால் சேர்த்துப் பற்றவைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு காலை மட்டும் நிமிர்த்தி, அதிலிருந்து மெல்லிய கம்பி இழுத்தார்.

'குரங்கு குட்டியைச் சுமக்கற மாதிரி இருக்கு,' என்று அவள் எழுதிக் காட்டினாள்.

"சுமக்கட்டும். உன் பேச்சு முழுக்க ஏறணும்ல. சாதாரண பாரமா?" என்றார்.

இப்போது காலையில் பால் காய்கிற நேரத்துக்குள் எல்லா எழுத்தும் உள்ளே ஏறிவிடும். அப்படியும் எழுத்துகளைக் கோத்துச் சொல்லாக்க அது யோசித்துக்கொண்டு நின்றது. பெட்டிக்குள் சின்னத் தகர டப்பா மாதிரி ஒரு கிரிஸ்டல் உண்டு. அது போடுகிற தாளத்துக்குத்தான் பெட்டி முழுதும் வேலை செய்யும். அவர் அதைக் கழற்றிவிட்டு, இன்னும் வேகமாகத் தாளம் போடும் ஒன்றை வைத்தார். இப்போது தட்டியவுடனே பதில் வந்தது. ஆனால் தாளம் ஏறியதும் சுருதியும் ஏறிவிட்டது. மூக்கைப் பிடித்துவிட்ட கிளிக்குஞ்சு மாதிரி அவள் குரல் கீச்சிட்டது. அவர் புரோகிராமில் உட்கார்ந்து, ஒவ்வொரு துளிச் சத்தத்துக்கும் நடுவில் பெட்டியைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லி எழுதி, எழுதி, அவள் குரலை அவள் குரலுக்கே இறக்கிக் கொண்டுவந்தார்.

வேகம் ஏறியதில் பெரிய சிப் கொதித்தது. உடைந்த ஆம்பிளிஃபயரிலிருந்து ஓர் அலுமினியத் தகட்டை அறுத்து அதன் தலையில் ஒட்டினார். பக்கத்தில் சின்ன விசிறி ஒன்று. அவ்வப்போது புறங்கையை வைத்துப் பார்த்துக்கொள்வார்.

பிளாப்பி மட்டும் அந்த வேகத்துக்கு ஒத்துவரவில்லை. அதனால் பக்கவாட்டில் துளைபோட்டு ஒரு சுவிட்ச் வைத்தார். ஒரு பக்கம் பழைய தாளம், ஒரு பக்கம் புதிய தாளம். மகள் விட்டுப்போன நகப்பூச்சில் சிவப்புப் பொட்டும் வெள்ளைப் பொட்டும் வைத்தார்.

"பேசறதுக்குச் சிவப்பு. பிளாப்பியைத் தொடும்போது வெள்ளை. மாறிப்போய்ச் சிவப்புல எழுதிட்டா, எழுதினதைத் திரும்பப் படிக்கவே முடியாது. ஞாபகம் வெச்சுக்க," என்றார். அவள் தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நல்ல காலம். தையல்காரர் கீழேயிருந்து, "புறங்கை, உன் வீட்டுக்காரி மறுபடியும் வாயாட ஆரம்பிச்சுட்டாளா?" என்பார்.

"ஆரம்பிக்கல. விட்ட இடத்துலேர்ந்து தொடர்றேன்," என்று ஜன்னலோரத்து ஸ்பீக்கர் உடனே பதில் சொல்லும்.

மகள் போனில் கூப்பிட்டால் மனைவி ஸ்பீக்கர் பக்கத்தில் போனை வைத்துக்கொள்வாள். 'வேணாம்' என்று அவள் தட்டினால் விசில் அடிக்கும். "அம்மா, சோறு ஆயிடுச்சு போல. இறக்கி வெச்சுட்டு வா," என்று மகள் சிரிப்பாள்.

தினமும் காலையில் அவர் சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்று, "போயிட்டு வரேன்," என்பார். "போயிட்டு வாங்க," என்று உள்ளேயிருந்து குரல் வரும். அந்தக் குரல் மகள் சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் அவளுக்கு இருந்த குரல். அதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் படியிறங்குவார்.

பட்டறை முதலாளி வீட்டம்மா ஒருநாள் பெட்டியைப் பார்க்க வந்தார். விசில் சத்தத்தைக் கேட்டதும் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் சிரித்தார். பிறகு, "இன்னொரு தடவை 'வேலை'ன்னு சொல்லுங்க. 'வேப்பிலை' சொல்லுங்க," என்று பொம்மையைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டே இருந்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மனைவியின் முகம்தான் சுண்டிப்போயிற்று.

அன்று சாயங்காலம், "அந்த விசிலை எடுத்துடுங்க," என்றாள் பெட்டியில்.

"நல்லாத்தானே இருக்கு?"

"எனக்கு நல்லா இல்ல."

அடுத்த விடுமுறையில் சுவிட்சை வெள்ளையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். விசிலை மட்டும் கத்தரித்து எடுப்பது நகத்தில் ஏறிய சிராயை எடுப்பது மாதிரி. ஒருவழியாக முடித்துவிட்டு முகம் கழுவப் போனார். அந்த இடைவெளியில், சுத்தமான 'வே' எப்படி இருக்கிறது என்று கேட்க அவளுக்கு ஆசை வந்துவிட்டது. பேசுவதற்குச் சிவப்பு. சிவப்பில் வைத்து 'வேலை' என்று தட்டினாள். விசில் இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. சந்தோஷமாகக் கைதட்டி அவரைக் கூப்பிட்டாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து கேட்டார். "ம், இப்ப சரி," என்று சொல்லி, சுவிட்சைப் பார்க்காமலே வகர வரிசையைப் பிளாப்பியில் பழையதன் மேலேயே எழுதினார். பெட்டியை அணைத்தார். உள்ளே ஏற்றி வைத்திருந்ததும் அதோடு போயிற்று.

மறுநாள் காலையில் எல்லா எழுத்தும் ஏறின. வகர வரிசை மட்டும் ஏறவில்லை. அதற்கு நகல் ஒன்று இருந்தது. உறையிலிருந்து எடுத்துப் பார்த்தால் வட்டு முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. துடைத்துப் போட்டுப் பார்த்தார். கரகரவென்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். அவளுடைய குரல் வேறு எங்கும் இல்லை. கல்யாண வீடியோவில்கூட மேளச் சத்தம் மட்டும்தான்.

மறந்துபோயிருந்த சிலேட்டைத் தேடி எடுத்து அவள் எழுதினாள்: 'சிவப்புல வெச்சது நான்.'

அவர் அதைப் படித்தார். புறங்கையால் துடைத்தார். "ரெண்டு பக்கமும் போற சுவிட்ச்சை வெச்சது நான். பாக்காம அழுத்தினதும் நான். இதுல உனக்கு எங்க இடம் இருக்கு?" என்றார்.

அதன்பிறகு அவள் வகரம் இல்லாமல் பேசக் கற்றுக்கொண்டாள். 'வலிக்குது' என்பதற்கு 'நோகுது' என்றாள். 'வேணாம்' என்பதற்குப் 'போதும்' என்றாள். வெங்காயத்துக்கு மட்டும் வழியில்லாமல், கூடையிலிருந்து ஒன்றை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். "பண்டிதருங்க எல்லாம் உங்கிட்ட பிச்சை வாங்கணும்," என்று அவர் கேலி செய்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, சீக்கிரமே நின்றும் போயிற்று.

காலையில்தான் சங்கடம். வகர வரிசை ஏறாமல் போன அன்று அவர் வாசலில் நின்று, "போயிட்டு வரேன்," என்றார். உள்ளேயிருந்து சத்தமில்லை. வெளியே கிளம்புகிற மனுஷனைப் பார்த்துப் 'போ' என்று மட்டும் எப்படிச் சொல்வது? 'திரும்புங்க' என்று தட்டிப் பார்த்தாள். அவர் நிஜமாகவே திரும்பி, "என்ன?" என்றார். அவள் கட்டைகளிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நேரமாகிக்கொண்டிருந்தது. அவர் நகரவில்லை. "எப்பவும் சொல்றதையே தட்டு. இல்லாததை நான் போட்டுக்கறேன்," என்றார்.

அவள் தட்டினாள். "போயிட்டு..." என்றது பெட்டி. இல்லாத எழுத்தைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அது சும்மா இருந்தது. அந்த இடத்தில் அவர், "வா," என்றார். "...ங்க," என்று பெட்டி முடித்தது.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். ஒரு சொல்லை இரண்டு பேர் சேர்ந்து சொல்லி முடித்தால்தான் அவர் படியிறங்குவார். அந்த இடைவெளியை அடைக்க அவர் வேறு வழிகளும் பார்த்தார். 'உ'வையும் 'ஆ'வையும் நெருக்கி ஒட்டி 'வா' செய்து பார்த்தார். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு கூப்பிடுவதுபோல இருந்தது. அவள் உதட்டைப் பிதுக்கினாள். கடைசியில் மகளிடம் கேட்டார். அம்மாவின் குரல் அப்படியே அவளுக்கு வந்திருந்தது. "லீவு எடுத்துட்டு வரேம்ப்பா. வகரம் பூராவும் நான் சொல்லிக் குடுக்கறேன்," என்றாள் மகள்.

அதற்குள் அவருக்கே மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. பட்டறையிலிருந்து வந்தால் மாடியேறுமுன் தையல்காரர் வீட்டுமணியை அழுத்திவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்வார். மெட்டு முழுதும் பாடி முடிக்கும். தையல்காரர் கதவைத் திறந்து, "என்னப்பா?" என்பார். "ஒண்ணுமில்லண்ணே, மணி சரியா அடிக்குதான்னு பாத்தேன்," என்பார். அந்த நேரத்துக்குள் மாடியேற மூச்சு வந்திருக்கும்.

மகள் வருகிற நாளில்தான் மருத்துவமனையிலும் அவரைப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மனைவி கூட வருகிறேன் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டாள். "பொண்ணு வர்ற நேரத்துல வீடு பூட்டிக் கிடக்கணுமா? சும்மா மார்ல குழாயை வெச்சுப் பாத்துட்டு அனுப்பிடுவாங்க. நீ இரு," என்று அவர்தான் அவளை உட்காரவைத்தார்.

மருத்துவமனையில் கூட்டம். தன் முறை வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் தூங்குகிறார் என்று நினைத்துத் தோளைத் தொட்டிருக்கிறார். மகள் பயணப் பையோடு வந்து இறங்கி, அம்மாவுக்கு ஒரு முத்தம் கொடுத்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீடு அடங்கியபின் மகள் கம்ப்யூட்டரின் மேல் கிடந்த துணியை எடுத்தாள். பெட்டி எழுந்ததும் பெரிய சிப்பின் தகட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். அவளுக்கும் அந்தப் பழக்கம் இருந்தது அவளுக்கே தெரியாது. பிறகு மைக்கைத் தேடி எடுத்தாள்.

"அம்மா, அப்பா ஆசைப்பட்டது. நான் சொல்றேன், ஏத்திடலாம். வா, வி, வீ எல்லாம். நம்ம ரெண்டு பேர் குரலும் ஒண்ணுதானே."

அம்மா கட்டைகளைத் தட்டினாள். "அந்த இடம் அப்படியே இருக்கட்டும்," என்றது அவள் இளவயதுக் குரல்.

"ஏம்மா? பாதிப் பேச்சாவே இருந்துடுவியா?"

அதற்கு அவள் பெட்டியில் பதில் சொல்லவில்லை. சிலேட்டை எடுத்து, அவர் மருத்துவமனைக்குக் கிளம்பிய காலையில் நடந்ததை எழுத ஆரம்பித்தாள். எழுத இடம் போதாமல் துடைத்துத் துடைத்து எழுதினாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் எழுதி முடிக்கிறவரை காத்திருந்து படித்தாள்.

அன்று காலை அவர் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கையில் சாப்பாட்டுப் பை இல்லாததால் கையை என்ன செய்வதென்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். "போயிட்டு வரேன்," என்றார். அவள் தட்டினாள். "போயிட்டு..." என்று பெட்டி சொல்லி, சும்மா இருந்தது. அவர் வாயைத் திறந்தார். அன்றைக்கு மூச்சு எழவில்லை. அந்த எழுத்தின் நேரம் சத்தமில்லாமலே போயிற்று. "...ங்க," என்று பெட்டி முடித்துவிட்டது. அவள் பதறி எழுந்தாள். மறுபடி தட்டக் கை போனது. அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். மூச்சை மெதுவாக இழுத்துக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"திரும்பத் தட்டாதே. இன்னிக்கு உன் குரல்லயே கேட்டுச்சு. போயிட்டு வரேன்."